இருநூற்றைம்பது ஓம்

டோஹாவிலிருந்து தம்பி அனுப்பிய பெட்டியில்
இரண்டு பால்மா ரின், ஒரு கோடாலித் தைலம்,
யாரோ விற்றுவிட்டுப் போன ஒரு ஹெட்ஃபோன்.
காதுமெத்தை தேய்ந்திருந்தது.
உள்வளையத்தில் பொடி எழுத்தில் 250,
பக்கத்தில் குதிரைலாடம் போல ஒரு குறி.

பத்தாம் ஆண்டு விஞ்ஞானத்தில் படித்ததுதான்.
ஓம்: தடையின் அலகு.
எங்கள் ஊரில் அதற்கு வேறு பொருள்,
கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டு
பிறகு செய்யாமல் விடுவது.

கொம்பியூட்டரில் செருகினேன்.
பாலமீன்மடு ஐஸ் கொம்பனிக் கணக்கு ஒரு ஜன்னலில்,
வீணைக் கச்சேரி மற்ற ஜன்னலில்.
சத்தத்தை நூற்றுக்கு நூறு வைத்தும்
அடுத்த வளவுக் கலியாணத்தைக்
கிணற்றுக்குள் நின்று கேட்பதுபோல.

காத்தான்குடி மெயின் வீதி.
நடுவில் பேரீச்சை வரிசை, யாருக்கும் நிழல் தராமல்.
சப்றான் நானா கேட்டார்:
"எத்தனை ஓம், தங்கச்சி?"
"இருநூற்றைம்பது."
"அப்ப அம்ப் ஒண்டு வேணும்,"
டொக்டர் ஸ்கேன் எழுதும் குரலில்.

பதினெட்டாயிரத்து ஐந்நூறு:
கறுப்பு இரும்பு, ஒரேயொரு குமிழ்,
திருகினால் வெண்ணெய்.
திருகிக்கொண்டே நின்றேன்.
இன்னொன்றில் குட்டி வால்வு இரண்டு,
அடியில் செம்மஞ்சள் வெளிச்சம்.
"அது வால்வுட சூடு இல்ல புள்ள, எல்ஈடி.
வடிவுக்கு எரியுது.
வித்தா எனக்கு லாபம்தான்,
நாளைக்கு வந்து ஏசுவீங்க."
பிறகு லாச்சியிலிருந்து
விரல் நீளத்தில் ஒரு வால்.
நாலாயிரத்து இருநூறு.
"இது காணுமா நானா?"
"சத்தத்துக்குக் காணும்.
பெருமைக்குக் காணாது."

பையில் ஒன்பதாயிரம்.
தம்பி அம்புக்கென்று அனுப்பியது அதைப்போல் இருமடங்கு.
மற்றப் பாதி
மின்சாரசபைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

வாலோடு வீடு வந்தேன்.

இரவு, வீணைக்கு அடியில் இன்னொன்று.
ம்ம்ம் என்று
ஒரே சுரத்தில், மூச்சு எடுக்காமல்.
மடிக்கணினியின் ஓரத்தைத் தொட்டால்
விரல்நுனியில் எறும்பு.
சார்ஜரைக் கழற்றினால் நின்றது.
பற்றறி பழசு, பதினொரு நிமிடம் தாங்கும்.
ஆலாபனை முடிய முதல்
திரை கறுக்கும்.

ஒரு கிழமை அப்படிக் கேட்டேன்,
பதினொரு நிமிடம் பதினொரு நிமிடமாய்
ஐஸ் உடைத்து வாங்குவதுபோல.
கறுப்புப் பெட்டியின் குமிழ்
கனவில் திரும்பியது.

நானா தன் கடையில் செருகிக் காட்டினார்.
இரையவில்லை.
"சரக்கில பிழை இல்ல.
உங்கட வீட்டில எர்த் இருக்கா?"
"ஓம்," என்றேன்.

குலேந்திரன் பிளக்பேஸைக் கழற்றினான்.
மூன்றாவது துளைக்குப் பின்னால்
ஒரு சிலந்தி.
சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த வீடு.
தந்தவர்களின் பெயர்ப்பலகை சுவரில் இருக்கிறது,
கம்பி சுவருக்குள் இல்லை.

நாலடிச் செப்புக் கம்பி.
நாவற்குடா மணலில் அடிக்க அடிக்க
இறங்கியது, ஏதோ அதற்குத் தெரிந்த இடம்போல.
சுற்றிவரக் கரி, இரண்டு சிரட்டை உப்பு.
"மணல் காஞ்சா பிடிக்காது அக்கா.
கோடைக்குக் கிழமைக்கொருக்கா
ஒரு வாளி தண்ணி ஊத்துங்க.
மறந்தீங்களெண்டா மறுகா இரையும்."
கூலியும் கம்பியுமாய் நாலாயிரத்து எழுநூறு.
பையில் மிச்சம் நூறு ரூபாய்.

இப்போது
விரல் தந்தியில் ஏறும் உரசல் கேட்கிறது.
அடுத்த சுரத்துக்கு முன்
வாசிப்பவர் மூக்கால் இழுக்கும் காற்று.
யாரோ இருமினார்கள்,
திரும்பிப் பார்த்தேன்.
கதவு பூட்டித்தான் இருந்தது.
அவர் கச்சேரியின் மூன்றாம் வரிசையில்
அல்லது நாலாவதில்,
எந்த வருஷமோ.

தம்பி கேட்டான்:
"அம்ப் எப்பிடி? விலைகூடினதாப் பாத்து எடுத்தியா?"
"ஓம்."

சனிக்கிழமை வாளியோடு நிற்கையில்
வேலிக்கு அங்கால் சாரதாதேவி:
"என்ன கா நட்டிருக்காய் அதில?
நானும் ஒரு மாசமாப் பாக்கன்."

இன்னும் முளைக்கல்ல, என்றேன்.